தேன் இல்லாத வீடு

துப்பறியும் ஏஜென்சி நடத்துபவருக்கு ராஜம்மாள் என்று பெயர் இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மாடிப்படி ஏறி வருகிறவர்கள், இட்லி மாவு விற்கிற வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று போர்டை மறுபடி படிப்பார்கள். விமல்ராஜும் படித்தார். படித்துவிட்டு உள்ளே வந்து, ஒரு ஸ்கேன் கவரையும் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலையும் மேஜைமேல் வைத்தார்.

ராஜம்மாளுக்கு நாற்பத்து நாலு வயது. பதினைந்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, செத்ததாகச் சொல்லப்பட்டவர் நிஜமாகவே செத்தாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தவர். அந்த அலுப்பில் வேலையை விட்டு, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் மாடியில் சொந்தமாகக் கடை விரித்திருந்தார். அவருடைய உதவியாளர், ஓட்டுநர், காபி வாங்கி வருபவர், வாய் ஓயாதவர் எல்லாமே கண்ணாயிரம் ஒருவர்தான். ஐம்பது வயது, சொந்த ஆட்டோ. “பேருலதான் ஆயிரம் மேடம். இருக்கறது ரெண்டு கண்ணு, அதுல ஒண்ணு மைனஸ் ஆறு” என்று முதல் நாளே உண்மையைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவர்.

“ஒருத்தரைக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும் மேடம்,” என்றார் விமல்ராஜ். “ராஜமாணிக்கம்னு பேரு. சூரணம் குடுக்கறவரு. ஆறு வாரமா போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்குது.”

“ஏமாத்திட்டாரா?”

“அப்படிச் சொல்லாதீங்க மேடம். ஒத்த ரூபா வாங்க மாட்டாரு. எங்களுக்கு அவரு சாமி.”

“சாமின்னா கண்ணுல படாம இருக்கறது சகஜம்தானே,” என்றார் கண்ணாயிரம். ராஜம்மாள் பார்த்த பார்வையில், கீழே விழாத பேனாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

விமல்ராஜ் கீழ்பென்னாத்தூரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மனைவி கவியாவுக்கு முப்பத்தொரு வயது. வீட்டிலேயே தையல் வேலை. பீடி, சிகரெட் வாடையே ஆகாதவள். போன வருடம் ஆடியில் ஆரம்பித்த இருமல், ஐப்பசியில் நுரையீரல் புற்றுநோய் என்று பெயர் வாங்கிக்கொண்டது.

“மூணு வாரத்துக்கு ஒரு தடவை சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி ட்ரிப்ஸ் ஏத்துனோம். இம்யூனோதெரபின்னு பேரு. டாக்டரு எனக்குப் புரியற மாதிரி சொன்னாரு. நம்ம ஒடம்புலயே நோயோட சண்டை போடற செல்லுங்க இருக்குதாம். கேன்சரு அதுங்க கண்ணைக் கட்டிடுதாம். ட்ரிப்ஸு அந்தக் கட்டை அவுத்து விடுதாம். அதே நேரத்துலதான் இந்தச் சூரணமும் ஆரம்பிச்சோம். மூலிகைச் சத்து அந்தச் செல்லுங்களுக்கு பலம் குடுக்கும்னு ராஜமாணிக்கம் ஐயா போன்ல சொன்னாரு. தை மாசம் ஸ்கேன் எடுத்தா, கட்டி பாதியா கொறஞ்சிருந்துது.”

“அப்புறம்?”

“அப்புறம் ட்ரிப்ஸ நிறுத்திட்டோம்.”

ராஜம்மாள் தலையை நிமிர்த்தினார்.

“நாந்தான் மேடம் நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் போயி வந்தா நாலு நாளு எழுந்திருக்க மாட்டா. மூட்டு மூட்டா வலி. சூரணத்துலயே கொறஞ்ச ஆளு ஒருத்தரு வீடியோவுல பேசறாரு, அப்புறம் எதுக்கு இந்த அவஸ்தைன்னு தோணிச்சு. டாக்டரு திட்டினாரு. நாங்க கேக்கல. இப்போ மறுபடி வளந்துடுச்சு. கண்ணெல்லாம் மஞ்சளாயி, கல்லீரல் கெட்டிருக்கு, இந்த நெலமையில ட்ரிப்ஸ் ஏத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. சூரணம் தீந்துபோனதாலதான் மேடம் இப்படி. ஐயா கெடைச்சா இன்னொரு பாட்டில் கெடைக்கும்.”

“கண்ணு மஞ்சளானது எப்போ?”

“சூரணம் தீர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி.”

சொன்னது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. ராஜம்மாள் அதைக் குறித்துக்கொண்டார்.

பாட்டிலில் கையால் எழுதிய லேபிள் ஒட்டியிருந்தது. சீந்தில் தண்டு, அமுக்கரா கிழங்கு, இன்னும் இரண்டு மூலிகைகள். கீழே, அழகான வாத்தியார் கையெழுத்தில்: ‘இரவு உணவுக்குப் பின் ஒரு ஸ்பூன். சுத்தமான தேனில் குழைத்து. பகலில் கூடாது.’ பாட்டில்கள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில், கண்டக்டர் கையில் மாதம் ஒன்றாக வந்திருக்கின்றன. கொடுத்தவரை விமல்ராஜ் நேரில் பார்த்ததே இல்லை. ‘மூச்சு’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் அவரைப்போல் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அத்தனை பேரையும் சேர்த்தது ஒரே ஒரு வீடியோ.

“அதைப் போடுங்க,” என்றார் ராஜம்மாள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். வீட்டு முற்றம். “என் பேரு வேண்டாம். எனக்கு நுரையீரல்ல கட்டி இருந்துது. நண்பர் ராஜமாணிக்கம் இந்தச் சூரணத்தை எனக்காகவே செஞ்சு குடுத்தார். இப்போ கட்டி ரொம்பக் கொறஞ்சிருக்கு. அவருக்கு நான் என்னைக்கும் கடமைப்பட்டிருக்கேன்.” கையில் இரண்டு ஸ்கேன் படங்கள். அவ்வளவுதான்.

ராஜம்மாள் நாலு முறை போட்டுப் பார்த்தார். நாலாவது முறை பெரியவரைப் பார்க்கவே இல்லை.

“கண்ணாயிரம், செவுத்துல கடிகாரம் தெரியுதா?”

“தெரியுது. நாலு பத்து.”

“‘செஞ்சு குடுத்தார்’னு சொல்றப்போ நாலு பத்து. ‘இப்போ கட்டி’ன்னு சொல்றப்போ நாலு பதினாறு. நடுவுல ஆறு நிமிஷம் எங்க போச்சு?”

“எங்க வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான் குதிக்கும் மேடம். பேட்டரி வீக்கு.”

“இது வெட்டியிருக்கு. சரி, அது இருக்கட்டும். அவருக்குப் பின்னால குழாயப் பாருங்க.”

கண்ணாயிரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “குழாய்க்குக் கோவணம் கட்டியிருக்காங்க.”

“தண்ணிய வடிகட்டற துணி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி கூடத் தண்ணியோட வயித்துக்குள்ள போயிடக் கூடாதுன்னு கட்டறது. இது நயினார் வீடு. நம்ம ஊரு ஜைனருங்க. பக்கத்துல மாட்டியிருக்கற காலண்டர் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டியோடது. அந்தப் பக்கம் நயினாருங்க இருக்கற ஊரு எத்தனை தேறும்?”

“அஞ்சு. டீக்கடையில ஒக்காந்தா ரெண்டு மணி நேரத்துல ஆளைப் புடிச்சுடலாம். டீக்கு மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிடுங்க.”

விமல்ராஜ் எழுந்து நின்று கும்பிட்டார். அவருக்கு அந்தக் குழாய்த் துணியே பாதி மருந்து மாதிரி இருந்திருக்க வேண்டும். முகம் அப்படி மலர்ந்துவிட்டது. ராஜம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. நம்பி வருகிறவர்களின் முகம் மலர்வதை அவர் இன்ஷூரன்ஸ் காலத்திலிருந்தே பயத்தோடுதான் பார்த்திருக்கிறார்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது. வெளியூர் பஸ்கள் இப்போதே ஊருக்குள் நுழைய ஆரம்பித்துவிட்டன. கண்ணாயிரத்தின் ஆட்டோ அவற்றின் எதிர்த்திசையில், திட்டிக்கொண்டே புகுந்து வெளியே வந்தது. இரண்டாவது ஊர் டீக்கடையிலேயே ஆள் தெரிந்துவிட்டது. சாந்திநாதன், ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், ஜினாலயத்துக்கு வடக்கே நாலாவது வீடு.

“பாத்தீங்களா, ரெண்டு டீயில கேஸ் முடிஞ்சுது,” என்றார் கண்ணாயிரம்.

ராஜம்மாள் அந்தக் காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு லேபிளையே படித்துக்கொண்டிருந்தார். மூன்றே வரி. அதற்குள் பத்து தடவை படித்திருப்பார்.

“என்ன மேடம், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?”

“இருமல் வருது.”

“இவ்ளோ நேரம் வரலையே.”

“இனிமே வரும்,” என்றார் ராஜம்மாள்.

அவர்கள் போய்ச் சேரும்போது ஐந்தே முக்கால். வீட்டம்மா ஜெயந்திமாலா வாசலுக்கு வந்து, முற்றத்தில் நாற்காலி போட்டார். வீடியோவில் பார்த்த அதே முற்றம், அதே துணி கட்டிய குழாய்.

“சாப்பிட்டுட்டிருக்காரு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுடணுமில்ல. செத்த நேரம் இருங்க.”

ராஜம்மாள் இருமினார். கண்ணில் நீர் வர, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாடகக்காரர்கள் பொறாமைப்படும்படி இருமினார்.

“அம்மா, வெந்நீர்ல ஒரு ஸ்பூன் தேன் கலந்து குடுக்கறீங்களா?”

“தேனா?” ஜெயந்திமாலா முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. “எங்க வீட்டுக்குத் தேன் வந்ததே இல்லம்மா. எனக்குக் கல்யாணமாகி நாப்பத்தொரு வருஷம் ஆவுது. ஒரு சொட்டுத் தேனுக்குள்ள எத்தனை உயிர் போவுது, நாங்க தொட மாட்டோம். மிளகு தட்டிப் போட்டுத் தரட்டா?”

“குடுங்கம்மா. கெழங்கு கூட சாப்பிட மாட்டீங்கன்னு சொல்வாங்களே.”

“மண்ணுக்கடியில வெளையறது எதுவும் கெடையாது. உருளைக்கெழங்கு கூட.”

“சாருக்கு ராத்திரில ஏதாச்சும் மருந்து இருக்குதா?”

“பொழுது போச்சுன்னா அவருக்குத் தண்ணி கூடக் கெடையாதும்மா. மாத்திரையெல்லாம் விடியக்காலையிலதான். ஆஸ்பத்திரில கூட அப்படியே சொல்லி மாத்தி எழுதி வாங்கிட்டாரு.”

அவர் உள்ளே போனதும் கண்ணாயிரம் மெதுவாகச் சொன்னார். “தேன், கெழங்கு, ராத்திரி. மூணு பூட்டு போட்டிருக்குது மேடம்.”

“ஆமா.”

“அப்போ இவரு அந்தச் சூரணத்த…”

“வாயில வெச்சிருக்க மாட்டாரு.”

அவர்களை இந்த வீட்டுக்கு அழைத்து வந்ததே ஜைனர் வீடு என்ற துப்புதான். அதே துப்பு இப்போது முப்பத்தொரு பேருடைய நம்பிக்கையைக் குழிதோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தது. ராஜம்மாளுக்குத் தன் புத்திசாலித்தனத்தின்மேல் எரிச்சல் வந்தது.

சாந்திநாதன் கை துடைத்துக்கொண்டு வந்தார். எழுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. ராஜம்மாள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, காலி பாட்டிலை அவர் எதிரில் வைத்தார்.

“இதை எப்படி சார் சாப்பிட்டீங்க?”

அவர் லேபிளைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கேள்வி எங்கே போகிறது என்று உடனே புரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு துணிப் பையோடு வந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தார். ஒன்பது. ஒன்றில்கூட சீல் உடைபடவில்லை.

“நானும் அவனும் ஒரே ஸ்கூல்ல இருபத்தாறு வருஷம் இருந்தோம்,” என்றார். “அவன் சயின்ஸ் லேப் அசிஸ்டென்ட். எனக்கு இந்த நோய்னு தெரிஞ்சப்போ என்னைவிட அவன்தான் ஜாஸ்தி அழுதான். எங்கெங்கயோ தேடி இதை பிரிண்ட் எடுத்துட்டு வந்தான்.”

நாலு பக்க ஆராய்ச்சிக் கட்டுரை. வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு. ராஜம்மாள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கடைசிப் பத்திக்கு மட்டும் கோடு இல்லை.

“கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லு, அப்புறம் எலி,” என்றார் சாந்திநாதன். “மூலிகைச் சத்து பட்டதும் எதிர்ப்பு செல்லுங்க நல்லா சண்டை போட்டுதாம். அது வரைக்கும் கோடு போட்டிருக்கான். மனுஷங்ககிட்ட இன்னும் பாக்கல, பாத்தாத்தான் சொல்ல முடியும்னு கடைசியில எழுதியிருக்காங்க. அதுக்குப் போடல. நான் அன்னைக்கே பாத்தேன்.”

“பாத்தும் வாங்கிக்கிட்டீங்க.”

“மருந்துக்கு தோஷம் இல்ல, ஒங்க ஆளுங்ககிட்டயே கேட்டுட்டேன்னு சொன்னான். நான் தலையாட்டினேன். தேடித் தேடிப் பறிச்சு, காயவெச்சு, இடிச்சுச் சலிச்சுக் கொண்டாந்தவன்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. வாங்கி வாங்கி பீரோவுல வெச்சுட்டேன். என் பையன் கூட்டிட்டுப் போயி ட்ரிப்ஸ் ஏத்திட்டு வந்தான். அதுலதான் கொறஞ்சுது.”

“வீடியோவுல ஆறு நிமிஷம் காணோம் சார்.”

அவர் ராஜம்மாளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். “ட்ரிப்ஸைப் பத்தித்தான் பேசினேன். ஆறு நிமிஷமும். அது எல்லாருக்கும் எட்டற வைத்தியமாடா, எதுக்கு அதைச் சொல்லி ஏழைங்க மனசை நோகடிக்கறேன்னு வெட்டிட்டான். நான் பொய் பேசினதில்ல. அந்த வீடியோவுலயும் பேசல. அவன் குடுத்தான், அது நெஜம். எனக்குக் கொறஞ்சுது, அதுவும் நெஜம்.”

“ரெண்டையும் ஒட்டி வெச்சுட்டாங்க,” என்றார் கண்ணாயிரம். அதில் கிண்டல் இல்லை.

ராஜம்மாளுக்கு இந்த மனிதரைப் பிடித்திருந்தது. அதனாலேயே கோபம் அதிகமாக வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

“கீழ்பென்னாத்தூர்ல ஒரு பொண்ணு சார். முப்பத்தொரு வயசு. ஒங்களுக்கு ஏத்தின அதே மாதிரி ட்ரிப்ஸ்ல அதுக்கும் கட்டி பாதியா கொறஞ்சுது. சூரணத்துலதான் கொறஞ்சுதுன்னு நம்பி ட்ரிப்ஸ நிறுத்திட்டாங்க. ஒங்க வீடியோவப் பாத்து. இப்போ சூரணம் அந்தப் பொண்ணு கல்லீரலையே கெடுத்திருக்கும்னு எனக்கு சந்தேகம். சீந்தில் சிலருக்கு அப்படிப் பண்ணும்னு டாக்டருங்க சொல்றாங்க. ராஜமாணிக்கம் எங்க இருக்காரு? அவரு வாயாலயே மத்தவங்களுக்குச் சொல்ல வைக்கணும்.”

சாந்திநாதன் ஒன்பது பாட்டில்களையும் கணக்குப் போடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நாப்பத்திமூணு நாளாச்சும்மா,” என்றார்.

“எது?”

“அவன் போயி.”

மிளகுத் தண்ணீரோடு வந்த ஜெயந்திமாலா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“அவனுக்கும் இதே நோய்தான். பங்குனியில தெரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்கு வாடான்னு என் பையன் கார் எடுத்துட்டுப் போயி நின்னான். வரல. ஒனக்கு வேலை செஞ்சது எனக்குச் செய்யாதான்னு சொல்லிட்டு, வேளை தவறாம அவன் சூரணத்தையே சாப்பிட்டான். மத்தவங்களுக்கும் அனுப்பிட்டே இருந்தான்.”

“அப்போ கூட நீங்க சொல்லலையா?”

“சொன்னேன். நாலு மாசம் கழிச்சு, அவனுக்கு எழுந்து ஒக்கார முடியாம போனப்போ சொன்னேன். நான் ஒரு ஸ்பூன் கூடத் தொடலடா, இப்பவாச்சும் வாடான்னு. சிரிச்சான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்காக வாழ்க்கையில மொத தடவையா பொய் சொல்றே, அதுவும் சரியா சொல்லத் தெரியலன்னான்.” ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். “என்னைக் கட்டிப் புடிச்சுட்டு சொன்னான்மா. எனக்காக பொய் பேசாத விரதத்தையே விட்டுட்டியேன்னு.”

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ராஜம்மாள் செல்போனை எடுத்தார்.

“இன்னொரு வீடியோ பேசணும் சார். வெட்டாம.”

“பேசறேன்,” என்றார் சாந்திநாதன். யாரும் சொல்லாமலே ஒன்பது பாட்டில்களையும் தன் முன்னால் சாட்சிக்கு வரிசையாக நிறுத்தினார். சீல் நன்றாகத் தெரியும்படி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் கவியாதான் கதவைத் திறந்தாள். விமல்ராஜ் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேனோடு போயிருந்தார். அவளுடைய கண்கள் மஞ்சளாக இருந்தன. மூன்று வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டி, “ஒக்காருங்கக்கா” என்றாள்.

ராஜம்மாள் சுற்றி வளைக்கவில்லை. தேனிலிருந்து நாற்பத்து மூன்று நாள் வரை எல்லாவற்றையும் சொன்னார். வீடியோவையும் காட்டினார். கவியா அழவில்லை. தைத்து முடிக்காத ஒரு ரவிக்கையின் மேலிருந்த ஊசியை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

“எனக்கு ஒரு மாசமாவே சந்தேகம்தான்கா. சாப்பிடச் சாப்பிட வாந்தி வந்துது. சொன்னா அவரு பயந்துடுவாருன்னு சொல்லல.” மூச்சு வாங்கினாள். “அந்த ட்ரிப்ஸ் எனக்கு வேலை செஞ்சுதுன்னு மட்டும் அவருகிட்ட சொல்லாதீங்க. நிறுத்தச் சொன்னது அவருதான். எனக்கு இருக்கறது கொஞ்ச நாளு. அவருக்குத்தான் அதுக்கப்புறம் ரொம்ப நாளு இருக்கு.”

கண்ணாயிரம் எழுந்து வாசலுக்குப் போய், ஆட்டோவின் மேல் இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தார்.

இந்தப் பெண் கேட்பதைச் செய்துவிட வேண்டும் என்றுதான் ராஜம்மாளின் மனசு சொன்னது. நேற்றுப் பார்த்த பெரியவர் இப்படி மனசு சொன்னதைக் கேட்டுத்தான் இருபத்தாறு வருட நண்பனைப் புதைத்திருந்தார்.

“இதை குரூப்ல போட்டாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும் கவியா. போட்டா அவரும் பாப்பாரு.”

கவியா ஊசி டப்பாவைத் தள்ளி வைத்தாள். பிறகு, “போளூர்ல சரசுன்னு ஒரு அக்கா,” என்றாள். “குரூப்ல பழக்கம். தினமும் எனக்கு போன் பண்ணும். ரெண்டு புள்ளைங்க, சின்னது ரெண்டாங்கிளாஸ். போன மாசம் அதுவும் ட்ரிப்ஸ நிறுத்திடுச்சு. நான்தான்கா சொன்னேன், நாங்களும் நிறுத்திட்டோம்னு.” மறுபடி மூச்சு வாங்கினாள். “அதுக்கு இன்னும் நேரம் இருக்குமில்ல?”

“இருக்கும். ஒரு மாசம்தானே. ஒடனே டாக்டருகிட்ட போனா இருக்கும்.”

கவியா தன் போனை நீட்டினாள். வீடியோவை அதற்கு மாற்றிக்கொண்டு, அவளே அனுப்பினாள்.

வேன் சத்தம் கேட்டது. விமல்ராஜ் ஓடி வந்தார். “ஐயா கெடைச்சுட்டாரா மேடம்?” என்று கேட்கும்போதே அவர் சட்டைப் பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். நின்றுகொண்டே முழுவதும் பார்த்தார். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டார்.

“நாந்தானே நிறுத்தச் சொன்னேன்,” என்றார் கடைசியில்.

“வலி தாங்காம நானும்தான் சரின்னேன்,” என்றாள் கவியா. “வந்து பக்கத்துல ஒக்காருங்க.”

அவர் அசையவில்லை. கவியா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தாள். அந்த நாலு எட்டு நடந்ததற்கே அவளுக்கு இரைத்தது.

அப்போது கவியாவின் போனில் முதல் பதில் வந்தது. போளூர் சரசுதான். கவியா படித்துவிட்டு ராஜம்மாளிடம் கொடுத்தாள்.

‘பாவம், அவங்க ஜாதியில் தேன் ஆகாது. அதனால் சாப்பிடவில்லை. அந்த ஒன்பது பாட்டிலும் சீல் உடைக்காமல் அப்படியே இருக்கிறதே. யாருக்கும் வேண்டாம் என்றால் எனக்கு வாங்கித் தரச் சொல்லுங்கள். நான் தேன் சாப்பிடுவேன்.’

ராஜம்மாள் அதை இரண்டு முறை படித்தார். அதற்குக் கீழே இன்னும் நாலு பேர் வரிசையாக, ‘எனக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். சாட்சிக்கு வைத்த பாட்டில்கள்தான் அவர்கள் கண்ணில் பட்டிருந்தன. பெரியவர் சொன்னது படவில்லை.

கவியா போனைத் திருப்பி வாங்கி, சரசுவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

“சரசக்கா, அது நமக்கு வேணாம். அவருக்குக் கொறஞ்சது ட்ரிப்ஸ்ல. எனக்கும் அதுலதான் கொறஞ்சுது. நீங்க இன்னைக்கே…”

இருமல் வந்து வார்த்தையை முழுங்கிவிட்டது. எதிர்முனையில் சரசு பொறுமையாகக் காத்திருந்தாள்.

“ஒடம்பு முடியாம பேசாத கவியா,” என்றாள் பிறகு, அன்பாக. “சூரணம் நின்னுபோனதாலதான் ஒனக்கு இப்படி இருக்குது. ஒன் பங்கு ரெண்டு பாட்டில் ஒனக்கே எடுத்து வெக்கச் சொல்றேன். மீதிய மட்டும் எனக்குக் குடு. புள்ளைங்க சின்னது.”

போன் கட்டாயிற்று. விமல்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோவைத் தட்டும் சத்தம் நின்றிருந்தது.

கவியா தண்ணீர் இரண்டு மடக்குக் குடித்தாள். மறுபடி அதே எண்ணை அழுத்தினாள்.

“வெச்சுடாதீங்கக்கா,” என்றாள். “இன்னொரு தடவை சொல்றேன்.”

விமல்ராஜ் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.